உப்பு ஜாடியின் மூடி

பருப்பு பாதி வெந்துவிட்டதா என்று ஆவுடை இப்போதெல்லாம் விரலால்தான் பார்க்கிறாள். கரண்டி நுனியில் நாலு பருப்பை எடுத்து, ஊதி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துகிறாள். ஓரமெல்லாம் மாவாகி நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் நின்றால் சரி, காய் போடலாம். முன்பெல்லாம் இப்படிப் பார்க்க மாட்டாள். பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருக்கும்போதே, தலையைக்கூடத் திருப்பாமல், அடுப்பைக் குறைங்க அத்தான், பருப்பு மலருது என்று குரல் கொடுப்பாள். இந்த வீட்டின் கடிகாரம் அவளுடைய மூக்குதான் என்று குற்றாலிங்கம் நினைத்துக்கொள்வான். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சீனியவரைக்காயைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தவன் அந்த இரண்டு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல் அழுத்துகிறது, நிற்கிறது, யோசிக்கிறது, முடிவு செய்கிறது. விரலுக்கு இவ்வளவு தெரியும் என்பது கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனுக்குத் தெரியாமல் போயிற்றே. மூக்கு இருந்தவரை விரல் வாய் திறக்கவில்லை போலும். கடிகாரம் நின்றுபோய் ஆடியிலிருந்து ஐப்பசி ஆகிவிட்டது. நின்றது அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. இல்லை, தெரியுமோ. இந்த இடத்துக்கு வந்ததும் அவன் நினைப்பு, முருங்கைக்காய் நார் பல்லிடுக்கில் மாட்டுகிற மாதிரி மாட்டிக்கொள்ளும். நாக்கால் துழாவத் துழாவ இன்னும் உள்ளே போகும்.

ஆடியில் அவளுக்கு ஒரு காய்ச்சல். சில நாள் கிடந்தாள், எழுந்தாள், கஞ்சி குடித்தாள், மறுபடியும் அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். அப்போது தென்காசியிலிருந்து அவனுடைய அக்கா சங்கரவடிவு கொடுத்தனுப்பிய பலாக்காய் ஸ்டோர் ரூமில் சாக்குக்கடியில் கிடந்தது. ஒருநாள் காலையில் அது பழுத்துவிட்டது. பழுத்தது என்றால், வீடே பழுத்துவிட்டது. பால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, என்ன சார் பலாச்சுளை தனியா திங்கீங்களா என்று கேட்டுவிட்டுப் போனார். உள்ளே வந்தால், ஸ்டோர் ரூம் கதவுக்கு ரெண்டடி தள்ளி நின்றுகொண்டு ஆவுடை கேட்கிறாள், அந்தப் பலாக்காய் இன்னும் பழுக்கலையா அத்தான், பார்த்தீங்களா என்று. கேலிக்குக் கேட்கிறாள் என்று முகத்தைப் பார்த்தான். கேலி இல்லை. அந்தக் கண்ணில் ஒரு சின்னத் தேடல் இருந்தது, இருட்டு அறையில் சுவிட்சைத் தடவுகிற கையில் இருக்குமே, அது. அப்போதே கேட்டிருக்கலாம். உனக்கு மணம் தெரியலையா என்று மூன்று வார்த்தை. கேட்கவில்லை. இன்னும் ரெண்டு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டான். சொன்ன பொய்யைக் காப்பாற்ற, மத்தியானம் அவள் கண் அசந்த நேரத்தில் பழத்தைச் சாக்கோடு தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, அணில் கடித்துவிட்டது என்று இன்னொரு பொய் சொன்னான். அன்றைக்குக் கேட்காதது மறுநாள் இன்னும் கஷ்டமாயிற்று. அடுத்த வாரம் அதைவிட. இப்போது கேட்டால், இத்தனை நாள் தெரிந்துகொண்டா பார்த்துக்கொண்டிருந்தீங்க என்பாள். ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அவன் செய்ததெல்லாம் அதுதான்.

பார்க்கப் பார்க்க ஆச்சரியமாக இருந்தது. மணத்தால் செய்த ஒவ்வொரு வேலையையும் அவள் வேறு எதனிடமாவது ஒப்படைத்திருந்தாள். கடுகைக் காதிடம். சீரகத்தைக் கண்ணிடம், அடுப்பு இருந்த மூலையில் வெளிச்சம் போதாது என்று, அடுப்பையே ஜன்னலுக்குப் பக்கத்தில் மாற்றி வைக்கச் சொன்னாள், காற்றுக்கு என்று காரணம் சொன்னாள். சாமையை வெறும் சட்டியில் வறுக்கும்போது குனிந்து கேட்பாள். ஈரம் இருக்கிறவரை மணி கனமாக உருளும், வறுபட்டதும் சரசரவென்று இலேசாகிவிடும். வெறும் சட்டி வறுவலுக்கு இப்படி ஒரு ஓசை உண்டு என்பதையே அவன் அவள் காதைப் பார்த்துத்தான் கற்றான். ஒரே ஒரு வேலைக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. அது உப்பு. இந்த வீட்டில் சமைக்கிறவர்கள் ருசி பார்ப்பதில்லை. முதல் கவளம் காக்காய்க்கு, அதற்குப் பிறகுதான் மனிதர் நாக்கு. அவனுடைய அம்மா அப்படி, அத்தையான அவளுடைய அம்மா அப்படி, அவன் வேலைக்காக இருந்த ஸ்காட்லாந்தில் காக்காய் வந்து எடுக்காமல் ஒரு கடற்பறவைக்குச் சோறு வைத்துப் பழக்கிய இவளும் அப்படி. உப்பை இவள் ஆவியிலேயே அறிந்துவிடுவாள். கொதிக்கிற சட்டிமேல் குனிந்து ஒரு மூச்சு இழுத்து, நிமிர்ந்து, பத்தல என்பாள், அல்லது ஒன்றும் சொல்லாமல் மூடுவாள். ஒருநாளும் தப்பியதில்லை. இப்போதும் குனிகிறாள். அதைத்தான் அவனால் பார்க்க முடியவில்லை. அதே மாதிரி குனிந்து, அதே மாதிரி மூச்சை இழுத்து, நிமிரும்போது முகத்தில் ஒன்றுமே இல்லாமல் நிமிர்கிறாள். கடிதம் வராத வீட்டுக்காரர் தபால் பெட்டியை மூடுகிற மாதிரி மூடியை வைக்கிறாள். ஆனாலும் உப்பு சரியாகத்தான் இருந்துவருகிறது. எப்படி என்று அவனுக்குப் புரியவில்லை.

போன வாரம் துணி மடிக்கும்போது, அவனைப் பார்க்காமல், ஒரு தலையணை உறையைப் பார்த்துச் சொன்னாள். "அடுத்த மாசத்துல இருந்து மெஸ்ஸுல சாப்பாடு சொல்லிருவோமா அத்தான்? ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு பாடு?" அவன் சிரித்து மழுப்பினான். உள்ளுக்குள் பயம். சோற்றைப் பற்றிய பயம் இல்லை அது. மெஸ் சோறும் சோறுதான், அவன் சர்க்கரைக்கு ஆகாது, அவ்வளவுதான். இந்தக் கைகள் சும்மா மடியில் கிடப்பதை நினைத்துத்தான் பயம். சாமையும் வரகும் கேழ்வரகும் கீரையும் காயுமாக, நாளுக்கு ஒரு புதுச் சேர்க்கை கண்டுபிடித்துக்கொண்டிருக்கிற ஒருத்தி ஒருநாள் மூடியை வைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டால், அவளில் எவ்வளவு பாக்கி இருக்கும். இந்த நேரம் பார்த்து அக்கா வருகிறாள். பாளையங்கோட்டைக் கண் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறேன், கூட்டாஞ்சோறு ஆக்கச் சொல்லு என்று போனில் சொல்லிவிட்டாள். அக்காவுக்கு நாக்கில் தராசு. தம்பி பெண்டாட்டி சாமையில் கூட்டாஞ்சோறு ஆக்குகிறாள் என்று முதலில் கேள்விப்பட்டபோது, குருவி திங்கிறதை மனுசனுக்கு வைக்கியாட்டி என்று கேட்டவள்; அந்தக் குருவித் தீனியை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பரவாயில்ல என்று சொன்னவள். அவள் வாயால் பரவாயில்ல வாங்குவதற்குத் தென்காசியில் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். இன்றைக்கு அவள் முகம் சுளித்தால் நாளைக்கே ஆவுடை மெஸ்ஸுக்குப் போன் செய்துவிடுவாள். அவள் சொல்லவில்லை. ஆனால் காலையிலிருந்து அவள் முதுகு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சீனியவரையைக் கொண்டுபோய்க் கொடுத்தான். வாங்கிப் பார்த்து, ரெண்டு காயைப் பொறுக்கித் திருப்பிக் கொடுத்தாள், முத்தல் என்று. பார்க்கத் தெரியாத ஆள் கையில் காம்பு கிள்ளக் கொடுத்தது தன் தப்புதான் என்கிற மாதிரி ஒரு பார்வை. கல்சட்டியில் பருப்பு தளதளவென்று கொதித்தது. கடினமான காய் முதலில்: சீனியவரை, முருங்கைக்காய், வாழைக்காய். பொறுத்துக் கத்தரிக்காய், கடைசியில் மாங்காய்த் துண்டு. ஒவ்வொன்றும் எப்போது உள்ளே போனால் எல்லாம் ஒன்றாக வேகும் என்று ஒரு கணக்கு, அதை அவள் எழுதி வைத்ததும் இல்லை, சொன்னதும் இல்லை. புளி முந்திவிட்டால் பருப்பு வேகாது, காய் விறைத்துக்கொள்ளும். சாமை பிந்திவிட்டால் தனியாக நிற்கும், முந்திவிட்டால் கூழாகும். கப்பல் கட்டும் துறையில் வரைபடம் போட்டு வயிறு வளர்த்தவன் அவன். ஆயிரம் பேர் வேலை செய்கிற இடத்தில் எந்தத் தகடு எப்போது வரவேண்டும் என்று கோடு போட்டுக் காட்டுவதற்கு ஒரு தளம் முழுக்க ஆட்கள் இருந்தார்கள், அப்படியும் தகடு பிந்தும். இவள் தனியாக நின்று ஒரு பாவாடை நாடாவை முடிச்சிடுவது போல அதைச் செய்கிறாள். சாமையை அரிக்கப் போட்டாள். ரெண்டு பாத்திரம், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீரோடு ஆட்டி ஆட்டி ஊற்றினாள், மணி மிதந்து போயிற்று, மண் அடியில் தங்கியது. தங்கிய மண்ணை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது அவள் கழுத்து சாய்ந்த விதம், அது கிளாஸ்கோவில் கொட்டகை வாசலில் பார்த்த கழுத்து.

அங்கே அவர்கள் இருந்தது வரிசை வீடு. பக்கத்து வீட்டுக் கிழவர் மகா மரியாதைக்காரர். ஒருநாள் வேலியோரம் வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, உங்கள் வீட்டுப் பக்கம் சாக்கடைக் குழாய் ஏதும் உடைந்திருக்கிறதா, ஆள் கூப்பிடட்டுமா என்று கேட்டார். ஆவுடை சாம்பாருக்குப் பெருங்காயம் தாளித்திருந்தாள். குற்றாலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை. மறுநாள் முகாமுக்குக் கொண்டுபோகிற சின்ன காஸ் அடுப்பு ஒன்றை வாங்கித் தோட்டத்துக் கோடியில் இருந்த கொட்டகையில் வைத்தாள். புல்வெட்டுகிற மெஷினுக்கும் பெயிண்ட் டப்பாக்களுக்கும் நடுவில் தாளிப்பு. கனத்த கோட்டு, கழுத்தில் கம்பளி, வலது கையில் மட்டும் கையுறை இல்லாமல். பனி பெய்கிற காலத்தில் அந்தத் தோட்டத்தில் ஒரு சத்தமும் இருக்காது, கடுகு வெடிப்பது மட்டும் கேட்கும். வெடித்ததும் இரும்புக் கரண்டியை ஒரு தட்டால் மூடிக்கொண்டு பனிமேல் ஓடி வருவாள், தாளிப்பு பேசி முடிப்பதற்குள் சாம்பாரில் விழ வேண்டும் என்று. அவன் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பான். ஒருதரம்கூட வழுக்கவில்லை. ஒருதரம்கூட, இன்றைக்குத் தாளிக்க வேண்டாம், யார் கேட்கப் போகிறார்கள் என்று சொன்னதில்லை. அவள் ஓடி உள்ளே வரும்போது கூடவே ஓடிவருமே அந்த மணம், குளிரும் பெருங்காயமும் கருவேப்பிலையும் ஈரக் கம்பளியுமாக. அது இப்போது உலகத்தில் ஒரு மூக்கில்தான் மிச்சம் இருக்கிறது. அவளிடம் போய், ஞாபகம் இருக்கா என்று கேட்டால் என்ன நினைவு வரும் அவளுக்கு, ஓட்டமா, மணமா. மணம் போனால் மணத்தின் ஞாபகமும் போய்விடுமா. பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் பாளையங்கோட்டைக்குத் திரும்பி வந்தபோது ஆவுடையின் கை கல்சட்டிக்கு மேலிருந்து விலகிக்கொண்டிருந்தது.

அந்தக் கை என்ன போட்டது. மஞ்சள்தூள் டப்பா திறந்திருந்தது, அது மஞ்சள். அதற்கு முன்னால்? அதற்கு முன்னால் அவன் ஊரில் இல்லை. உப்பு போட்டாளா. வழக்கமாகக் காய் போட்டதும் மஞ்சளும் உப்பும் சேர்ந்தேதான் போடுவாள். இன்றைக்கு மஞ்சளோடு கை விலகிவிட்டதோ. ஜாடியைப் பார்த்தான். வெள்ளைப் பீங்கான் ஜாடி, கல்லுப்பு. மூடி தலைகீழாக, குமிழ் உள்ளே போகக் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தது. இது ஒன்று, ஆடிக்குப் பிறகு வந்த கவனக்குறைவு. மூடியைச் சரியாக வைக்க மறந்துவிடுகிறாள், அவனும் பார்க்கும்போதெல்லாம் மனதுக்குள் நொந்துகொள்வான், ஒழுங்குக்கே பேர்போனவள் இப்படி ஆகிவிட்டாளே என்று. மூடி கவிழ்ந்திருப்பதால் உப்பு எடுத்தாள் என்று ஆகுமா? காலையில் மோருக்கு எடுத்திருக்கலாம். அவள் சாமையைச் சட்டியில் சேர்த்தாள், கிளறினாள், குனிந்தாள். மூச்சை இழுத்தாள். நிமிர்ந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. மூடினாள். அடுப்பைக் குறைத்துவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு, முருங்கைக் கீரை ஆய்ந்துட்டு வந்துருதேன், மைனி வர்ற நேரம் என்று சொல்லிக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

போட்டிருப்பாள். போட்டிருக்க மாட்டாள். போட்டிருப்பாள் என்றால் சரி, ஒன்றும் செய்ய வேண்டாம், உட்கார். போட்டிருக்கவில்லை என்றால் அக்கா முதல் கவளத்தை வாயில் வைத்து, மென்று, நிறுத்தி, ஏட்டி உப்புக்குப் பஞ்சமா என்பாள். ஆவுடை அவனைப் பார்ப்பாள். அந்தப் பார்வையை இங்கே உட்கார்ந்தபடியே இப்போதே பார்த்துவிட்டான். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கரண்டியைக்கூட எடுத்துவிட்டான். காக்காய்க்கு வைக்காமலா. அவள் பனியில் ஓடிய ஓட்டத்தை இப்போதுதானே நினைத்தான், ஒரு கடற்பறவை வந்து இறங்குகிறவரை கரண்டியை வாய்ப்பக்கம் கொண்டுபோகாத அந்தப் பிடிவாதத்தை, யாரும் பார்க்காதபோது இவன் உடைப்பதா. கரண்டியை வைத்தான். சட்டியைத் திறந்தான். குனிந்தான். அவனும் ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தான். நன்றாக இருந்தது. எப்போதும் நன்றாகத்தானே இருக்கிறது, அவன் மூக்குக்கு வேறென்ன தெரியும். கொல்லையில் கிளை வளைகிற சத்தம். வந்துவிடுவாள். உப்பு குறைந்தால் அவமானம். கூடினால் கொஞ்சம் கரிக்கும், அக்கா மோர் கேட்பாள், அவ்வளவுதானே. என்ன கணக்கு இது என்று அப்போது தோன்றவில்லை. ஜாடி மூடியைத் தூக்கினான், ஒரு கை உப்பை அள்ளினான், பாதியைத் திரும்பக் கொட்டினான், மீதியைச் சட்டியில் போட்டுக் கிளறி மூடினான். ஜாடியையும் மூடினான். குமிழ் மேலே வர, சரியாக, அழகாக. எடுத்ததை எடுத்த மாதிரி வைக்கிறது அவனுக்கு வரைபட மேசையில் வந்த பழக்கம். எடுத்தபோது அது எந்த மாதிரி இருந்தது என்பதை மட்டும் மறந்துவிட்டான். மேசைக்குத் திரும்பி முத்தலான அந்த ரெண்டு சீனியவரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். திருடினவன் மாதிரி கொல்லைப் பக்கமே பார்த்தான். நல்லதுக்குத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொண்டான். நல்லதுக்கு என்று யார் கேட்டார்கள் இப்போது.

ஆவுடை முறம் நிறையக் கீரையோடு வந்தாள். சட்டியின் மூடியைத் திறந்து, காதைச் சாய்த்துக் கொதியைக் கேட்டாள். சாமை தண்ணீரை இழுத்துவிட்டிருந்தது, சத்தம் கெட்டியாகியிருந்தது. திருப்தியாகத் தலையை ஆட்டினாள். புளிக்கரைசலை எடுக்கக் கை நீட்டினவள், அலமாரியைப் பார்த்து நின்றாள். ஜாடியைப் பார்த்தாள். சட்டியைப் பார்த்தாள். மறுபடியும் ஜாடியை. அவள் நெற்றி சுருங்கியது, ஒரு கணம் வயதானவள் போலானாள். பிறகு மூடியைத் தூக்கி, உள்ளே கையை விட்டு, உள்ளங்கை நிறைய உப்பை அள்ளினாள். அந்தக் கை சட்டிக்கு மேலே வந்தது.

"போடாதே ஆவுடை."

கை அப்படியே நின்றது.

"நான் போட்டுட்டேன்" என்றான்.

"நீங்களா? எதுக்கு?"

"நீ போட்டியோ என்னவோன்னு."

"நான் காய் போடும்போதே போட்டாச்சே." சொல்லிவிட்டு அவளே ஜாடியைத் திரும்பப் பார்த்தாள். "போட்டா மூடியைக் கவுத்து வைப்பேன் அத்தான். சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் நிமித்துவேன். இப்ப நிமிர்ந்து இருந்துச்சு. அதான், இன்னைக்கு மறந்துட்டேன்னு…"

அவ்வளவுதான் அந்த வித்தை. அவன் கவனக்குறைவு என்று நொந்துகொண்டது அவளுடைய காவல். வாய் பார்க்கக் கூடாது, மூக்கு சொல்லாது. அதனால் ஒரே அளவை ஒரே நேரத்தில் போட்டு, போட்டதற்கு ஒரு மூடியைச் சாட்சி வைத்து, இத்தனை நாளும் ஒரு கல் கூடாமல் குறையாமல் ஓட்டியிருக்கிறாள். அவன் ஒழுங்காக வந்து சாட்சியைக் கலைத்துவிட்டான். அவள் உள்ளங்கையிலிருந்த உப்பை ஜாடிக்குள் மெதுவாக உதிர்த்தாள். ஒட்டியிருந்த ஒன்றிரண்டு கல்லைத் தட்டிவிட்டாள். கொதி மட்டும் பொதுக் பொதுக்கென்று பேசிக்கொண்டிருந்தது.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"பலாப்பழத்துல."

"அணில் கடிச்சுதுன்னீங்களே." அவன் கையிலிருந்த முத்தல் காயைப் பார்த்தான். "அணில் பலாப்பழத்தைச் சாக்கோடயா தூக்கிட்டுப் போவும்னு அன்னைக்கே நினைச்சேன்" என்றாள்.

டாக்டரிடம் போனாயா என்று கேட்டான். போனாளாம், கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு. வந்தா வரும் என்றாராம். காலையிலும் சாயங்காலமும் கிராம்பையும் எலுமிச்சம்பழத் தோலையும் மோந்து பார்க்கச் சொன்னாராம். அவள் தலையணைக்கடியில் இருந்த கிராம்பைப் பார்த்துப் பல்வலி என்று நினைத்திருந்தான் அவன். தன் வீட்டிலேயே ஒரு மனுஷன் இவ்வளவு தப்பாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா. அவள் அழுவாளோ என்று பயந்தான். அவள் மேல்தட்டிலிருந்து பெரிய எவர்சில்வர் பானையை இறக்கிக்கொண்டிருந்தாள். உப்பு கூடினா எடுக்க முடியாது, ஆளைக் கூட்டணும், பேசிக்கிட்டு நிக்க நேரமில்ல, அந்த உருளைக்கிழங்கைத் தோலை உரிங்க என்றாள். உரித்தான். கல்சட்டியிலிருந்து பானைக்கு மாறியது. இன்னும் ஒரு ஆழாக்குச் சாமை, தனியாகக் குழைய வைத்த பாசிப்பருப்பு, மிச்சமிருந்த வாழைக்காய், கிழங்கு, வெந்நீர். புளி. தேங்காயும் சீரகமும் மிளகாய்வத்தலும் சின்ன உள்ளியும் அரைத்த மசாலாவை, இன்னொரு மூடித் தேங்காய் சேர்த்து மறுபடியும் ஓட்டி, உப்பில்லாமல் சேர்த்தாள். கீரையை மேலே பரப்பினாள். மூவருக்கு ஆரம்பித்தது எட்டுப் பேருக்கு வந்து நின்றது. மைனிக்குத் தூக்குவாளியில கொடுத்து விட்டுருவோம் என்றாள். தப்பை வைத்துக்கொண்டு விருந்தாக்குகிறவளை என்ன சொல்வது. எல்லாம் சேர்ந்து கொதி வந்ததும் அவள் வழக்கம்போலக் குனிந்தாள். பாதி குனிந்தவள் நின்றாள். நிமிர்ந்தாள். ஒரு எட்டு விலகி, அடுப்புக்கு முன்னால் இடம் விட்டாள்.

"நீங்க குனிங்க."

அவன் குனிந்தான். கண்ணாடியில் ஆவி படர்ந்தது. நல்லா இருக்கு என்றான்.

"அதை மைனி சொல்லுவாக. என்னென்ன வருதுன்னு ஒண்ணொண்ணா சொல்லுங்க."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் குனிந்தான். முதல்ல புளி, மூக்கு நுனியிலேயே நிக்குது என்றான். அப்ப இன்னும் கொதிக்கணும் என்றாள். தேங்காய், இப்பதான் உடைச்ச மாதிரி. அது இன்னும் வேகலைன்னு அர்த்தம். கீரை? கீரை வந்து, மழை பெஞ்சு விட்ட வேலியோரம் நடந்து போற மாதிரி. "வேலியை விடுங்க அத்தான். பச்சை வாடையா, வெந்த வாடையா?" பச்சைதான் என்று ஒப்புக்கொண்டான். மூடினாள். பொறுத்தாள். திறந்தாள், குனிங்க என்றாள். புளி உள்ளே போயிருந்தது. தேங்காய் இறங்கியிருந்தது. கீரை கசப்பை விட்டுவிட்டு வேறொன்றாகிக்கொண்டிருந்தது. தெரிந்ததையெல்லாம் சொன்னான், பரீட்சை எழுதுகிறவன் மாதிரி, வேர்க்க வேர்க்க. ஒவ்வொன்றுக்கும் அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். அவன் சொல்லச் சொல்ல அந்த முகத்தில் ஏதோ வந்துகொண்டிருந்தது. வராத கடிதத்தை யாரோ வாசித்துக் காட்டுகிற மாதிரி. உப்பு எப்படி இருக்கு என்றாள். உப்புக்கு ஏது மணம் என்றான்.

அவள் யோசித்தாள். இதுவரை யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை போல. "உப்புக்கு மணம் இல்ல. உப்பு பத்தலைன்னா மத்ததெல்லாம் தனித்தனி ஆளா வரும். சரியா இருந்தா எல்லாம் ஒரே ஆளா வரும். கூடிப்போச்சுன்னா ஆளே வராது, தொண்டையில ஒரு காந்தல்தான் வரும்."

நீண்ட மூச்சு இழுத்தான். காந்தல் இல்லை. கீரை இருந்தது, தேங்காய் இருந்தது, அடியில் பருப்பு, எல்லாம் ஒன்றன் தோளில் ஒன்று கை போட்டுக்கொண்டு. ஒரே ஆளா? கிட்டத்தட்ட. ஓரத்தில் யாரோ இன்னும் வந்து சேராமல்.

"ரெண்டு ஆளா வருது" என்றான்.

ஆவுடை சிரித்துவிட்டாள். மூன்று மாதமாகக் கேட்காத சிரிப்பு. போதும், விடுங்க, இதுக்கு மேல ஜாடியைத் தொட எனக்குத் தைரியம் இல்ல என்று வெங்காய வடகத்தைப் பொரித்துக் கொட்டி இறக்கினாள். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சங்கரவடிவு அக்கா, கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்ட மயக்கத்தில் கேட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கி, எலே குத்தாலம், தெருமுக்கு வரைக்கும் மணக்கு, வழி கேக்காம வந்துட்டேன் என்றாள். அவன் மதிலில் முதல் கவளத்தை வைத்தான். காக்காய் ஒன்று தலையைச் சாய்த்துப் பார்த்து, கொத்தி, தின்று, இன்னொன்றைக் கூப்பிட்டது. அது உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மூவரும் இலை போட்டு உட்கார்ந்தார்கள். அக்கா ஒரு கவளம் வைத்தாள். மென்றாள். நிறுத்தினாள். ஆவுடை கரண்டியைப் பிடித்தபடி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவன் ஆவுடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உப்பு ஒரு கல்லு மட்டு" என்றாள் அக்கா.

ஆவுடை அவனைப் பார்த்தாள். ரெண்டு ஆள் என்று அவள் உதடு அசைந்தது. அவனால் அடக்க முடியவில்லை. எதுக்கு ரெண்டு பேரும் இளிக்கிய என்று அக்கா கேட்டதும், ஆவுடை கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "மைனி, எனக்கு ஆடியில இருந்து மணமே தெரியல. இன்னைக்கு உங்க தம்பி மூக்காலதான் சமைச்சேன்."

அக்கா கலங்கிய கண்ணால் அவளைப் பார்த்தாள், பிறகு இலையைப் பார்த்தாள். "இவன் மூக்காலயா? சின்னதுல மண்ணெண்ணெயை நல்லெண்ணெய்ன்னு தோசைக்கல்லுல ஊத்தப் போனவன்லாட்டி இவன்." அதோடு விடுவாள் என்று நினைத்தான். அவள் இன்னொரு கவளம் எடுத்து, இந்தத் தடவை மெதுவாக மென்றாள். "ஆடியில இருந்து இப்படியேவா ஆக்குதே?" என்றாள். ஆவுடை தலையை ஆட்டினாள்.  அக்கா பரவாயில்ல என்று சொல்லவில்லை. இலையில் ஒரு பக்கமாகக் குழியைச் செய்து, வை என்று காட்டினாள். முடிந்ததும் மறுபடியும் காட்டினாள். உப்பை எடுத்துட்டு வாலே என்று தம்பியை ஏவினாள். நாளைக்கு வரகுல கதம்பச்சோறு, பதினோரு மணிக்கெல்லாம் மூக்கு இங்க வந்துரணும் என்று ஆவுடை அவனுக்குப் பின்னால் குரல் கொடுத்தாள். அவன் ஜாடியைக் கொண்டுவந்தான், அக்கா ஒரு கல் எடுத்துக்கொண்டாள், திரும்பக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தான். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். கூடத்தில் அக்கா எதற்கோ ஆவுடையைத் திட்டிக்கொண்டிருந்தாள், ஆவுடை சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் மூடியைத் திருப்பி, குமிழ் உள்ளே போக, கவிழ்த்து வைத்தான்.